நீர் தேங்கிப் பழுத்த புதுப் புல்தரையை மீட்டெடுக்கும் முறை

புதிதாகப் பதித்த புல்தரை சில வாரங்களுக்குள் மஞ்சளாகப் பழுத்து, காலை வைத்த இடத்தில் சளக்கென்று நீர் மேலே வந்தால், வேருக்குக் காற்று கிடைக்கவில்லை என்று பொருள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் புதிதாக வீடு கட்டியவர்கள் பலர் இந்நிலையில் முதலில் உரம் போடுகிறார்கள், பிறகு மணல் கொட்டுகிறார்கள், எல்லாம் கைவிட்ட பிறகே வடிகாலைப் பற்றி யோசிக்கிறார்கள். செய்ய வேண்டிய வரிசை இதற்கு நேர்மாறானது: முதலில் நீருக்கு வழி, அடுத்து மண், கடைசியில்தான் புல். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில் உள்ளன. இடையில் ஒன்றைத் தாண்டிச் சென்றால் அதற்கு அடுத்த படிக்குச் செய்யும் செலவு பெரும்பாலும் வீணாகும்.

1. முதல் வாரம்: நிறுத்த வேண்டியவை

தண்ணீர் பாய்ச்சுவதை உடனே நிறுத்துங்கள். இலை பழுத்திருப்பதைப் பார்த்து வாடியதாக எண்ணி இன்னொரு முறை குழாயைத் திறப்பதுதான் புதியவர்கள் அனைவரும் செய்வது. நீரில் மூழ்கிய வேர் நீரை உறிஞ்ச முடியாமல் போவதால், ஈரத்தில் நின்றபடியே புல் வாடிய தோற்றம் தரும்.

யாரும் நடக்காதபடி நான்கு குச்சிகளை நட்டுக் கயிறு கட்டுங்கள். ஈரமான செம்மண்ணை மிதித்தால் துகள்களுக்கு இடையிலுள்ள இடைவெளி நசுங்கி மூடிக்கொள்ளும்; அதை மீண்டும் திறப்பது கடினம். உருளை ஓட்டி மட்டம் செய்யலாம் என்று யாராவது யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள்.

யூரியா வேண்டாம். காற்றில்லாத ஈர மண்ணில் தழைச்சத்தின் ஒரு பகுதி வாயுவாக மாறிப் பறந்துவிடும். மீதியை ஏற்கும் நிலையில் வேர் இருக்காது. புல்லை வெட்டுவதையும் தள்ளிப்போடுங்கள்.

2. ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள்

மேலிருந்து பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. மிக மோசமாகப் பழுத்த இடத்தில் ஒரு புல் பத்தையின் மூலையைக் கத்தியால் அறுத்து, உள்ளங்கை அகலத்துக்குப் புரட்டுங்கள். நான்கு செய்திகள் அங்கே கிடைக்கும்.

முதலாவது வேர். வெள்ளையாக, இழுத்தால் அறாமல் இருந்தால் புல் பிழைக்கும். பழுப்பாகி, விரலால் உருவினால் தோல் கழன்று நூல் மட்டும் நின்றால் அந்தப் பகுதி அழுகிவிட்டது. இரண்டாவது வாசனை. சாக்கடையும் அழுகிய முட்டையும் கலந்த நாற்றம் வந்தால் நீர் பல நாட்களாக அங்கேயே நிற்கிறது. மூன்றாவது நிறம்: செம்மண்ணாகப் போட்டது சாம்பல் அல்லது நீலம் கலந்த கருப்பாக மாறியிருந்தாலும் அதே பொருள்தான்.

நான்காவதுதான் பலர் கவனிக்காதது. விற்பனைக்கு வரும் கொரியன் புல் பத்தைகள் பெரும்பாலும் களிமண்ணில் வளர்க்கப்பட்டவை. அடியில் ஓர் அங்குலக் களிமண் ஒட்டியே வரும். அதன் கீழே உங்கள் ஆள் மணலைப் பரப்பியிருந்தால், களிமண்ணும் மணலும் சந்திக்கும் கோட்டில் நீர் நின்றுவிடும். நுண்ணிய துளைகள் உள்ள மண், தான் முழுக்க நிறைந்து வழியும் வரை, கீழேயுள்ள பெரிய துளைகளுக்கு நீரை விடாது. எனவே "அடியில் மணல் போட்டிருக்கிறோம், தண்ணீர் இறங்கிவிடும்" என்று சொல்லிக் கேட்டால் நம்ப வேண்டாம். தனி அடுக்காகக் கிடக்கும் மணல் தீங்கே செய்கிறது.

3. நீர் எங்கிருந்து வருகிறது

மழை மட்டும்தான் காரணம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஓர் அங்குல மழை பெய்தால் சுமார் 2,300 லிட்டர் நீர் சேரும். மாடிக் குழாய்களில் ஒன்று புல்தரைப் பக்கம் விடப்பட்டிருந்தால், அந்த நீரைத் திருப்பாமல் கீழே எந்த வேலை செய்தும் பயனில்லை. அதை மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்கு விடுவது மிகக் குறைந்த செலவில் முடியும். பல வீடுகளில் அதோடு பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

அடுத்து மேல்நிலைத் தொட்டி வழியும் குழாய், ஏ.சி. நீர், துணி துவைக்கும் கல், மேட்டிலுள்ள பக்கத்து மனையிலிருந்து கசியும் நீர் ஆகியவற்றைப் பாருங்கள். மழையில்லாத வாரத்திலும் ஓரிடம் மட்டும் நனைந்து, அங்கே புல் அடர்பச்சையாகக் கொழுத்திருந்தால், செப்டிக் டேங்க் அல்லது அதன் குழாய் கசிகிறதா என்று சோதிக்க வேண்டும். அது கொத்தனார் வேலை. அது முடியும் வரை புல்லைத் தொடாதீர்கள்.

4. மண் நீரைக் குடிக்கும் வேகத்தை அளத்தல்

புல்தரையை ஒட்டி ஓரடி ஆழம், அரையடி அகலத்தில் ஒரு குழி தோண்டி நீர் நிரப்புங்கள். அது முழுவதும் இறங்கியபின் இரண்டாம் முறை நிரப்பி, ஒரு குச்சியில் மட்டத்தைக் குறித்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். முதல் முறை நிரப்பியதைக் கணக்கில் கொள்ளக் கூடாது. உலர்ந்த மண் முதலில் வேகமாகக் குடித்து ஏமாற்றும்.

மணிக்கு ஓர் அங்குலமோ அதற்கு மேலோ இறங்கினால் மண் நல்ல மண். கோளாறு சரிவிலோ மேலடுக்கிலோ இருக்கிறது. அரை அங்குலத்துக்குக் குறைவாக இறங்கினால் அடிமண் மூடிக்கிடக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்டால் மண்ணைத் திருத்தினாலே போதும் என்று பெரும்பாலும் சொல்லலாம்.

சிறிதும் இறங்காத குழிகளும் இப்பகுதியில் உண்டு. ஓசூர், பர்கூர், கிருஷ்ணகிரியைச் சுற்றிலும் மேல்மண் ஓரடி ஒன்றரையடியில் முடிந்து பாறை தொடங்கும் மனைகள் சாதாரணம். சில மனைகளில் அடியில் இருப்பது பாறையன்று. வீடு கட்டும்போது கொட்டிய சிமெண்ட் கலவையும் உடைந்த டைல்ஸும் கிராவல் மண்ணோடு சேர்ந்து இறுகிய அடுக்கு. கடப்பாரையை ஓங்கி இறக்கினால் வேறுபாடு தெரியும்: பாறை கணீரென்று ஒலித்துக் கடப்பாரையைத் திருப்பியடிக்கும், கழிவடுக்கு நொறுங்கும். நொறுங்கினால் தோண்டி அகற்றலாம். பாறையானால் நீரைப் பக்கவாட்டில்தான் வெளியேற்ற முடியும். அங்கே உறிஞ்சு குழி வெட்டினால் அது நீர் நிறைந்த தொட்டியாகவே நிற்கும்.

5. சரிவை அளத்தல்

கண்மட்டத்தை நம்பாதீர்கள். கொத்தனார் பயன்படுத்தும் டியூப் லெவலை (மட்டம் பார்க்க நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்) ஒரு நாளைக்கு வாங்கிக்கொண்டு, வீட்டுச் சுவரோரத்திலிருந்து வெளிமூலை வரை ஐந்தடிக்கு ஒரு குச்சி நட்டு மட்டம் குறியுங்கள். பத்தடிக்கு ஒன்றேகால் முதல் இரண்டரை அங்குலம் வரை, வீட்டுக்கு எதிர்ப்புறமாக, தரை இறங்க வேண்டும். அதற்குக் குறைந்தால் நீர் நகராது. அதிகமானால் மேட்டிலுள்ள புல் காய்ந்து பள்ளத்திலுள்ள புல் அழுகும். குறித்த மட்டங்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பத்தைகளைப் பெயர்க்கும் வேளையில் அது தேவைப்படும்.

6. பொருட்களும் பருவமும்

மண்வெட்டி, கடப்பாரை, அகலக் கத்தி, கைப்பிடி பற்றவைத்த முக்கால் அங்குல ஜி.ஐ. குழாய் ஒன்று (முனையைச் சாய்வாக அறுத்துத் தரச் சொல்லுங்கள், எந்த வெல்டிங் கடையிலும் செய்வார்கள்), நான்கு அங்குலத் துளையிட்ட பி.வி.சி. குழாய், கழுவிய முக்கால் ஜல்லி, ஜியோ டெக்ஸ்டைல் துணி (நீரை விட்டு மண்ணைத் தடுப்பது), பருமணல், நன்கு மக்கிய தொழு எரு, ஈரச் சாக்குகள். இவை எல்லாம் வீட்டுக்கு வந்த பிறகே முதல் பத்தையைப் பெயர்க்க வேண்டும். பெயர்த்துவிட்டு மணல் லோடுக்குக் காத்திருந்தால் புல் காய்ந்துவிடும்.

மணல் வாங்குவதில்தான் இம்மாவட்டங்களில் பெரிய தவறு நடக்கிறது. கிரஷர்கள் அருகிலேயே இருப்பதால் கிரஷர் டஸ்ட் மலிவாகக் கிடைக்கும். அதில் உள்ள மாவு போன்ற தூள் ஈரமாகிக் காய்ந்தால் தளம் போல இறுகும். எம்.சாண்ட் வாங்கினாலும் ஒரு கைப்பிடியைக் கண்ணாடிக் குவளை நீரில் கலக்கிப் பாருங்கள். நீர் பால் போல நெடுநேரம் வெளுத்தே நின்றால் அது புல்தரைக்கு ஆகாது, அல்லது கழுவித்தான் பயன்படுத்த வேண்டும்.

ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை மழை மிகுந்த மாதங்களில் அவசர வேலையாக நீரை வெளியேற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மண்ணைக் கிளறும் வேலை பிப்ரவரி, மார்ச்சுக்கு உரியது: மண் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிரும் பதத்தில் இருக்கும், கோடை மழைக்கு முன் புல் வேரூன்றவும் நேரம் கிடைக்கும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் டிசம்பர், ஜனவரிக் குளிரில் கொரியன் புல் ஏறக்குறைய உறங்கிக் கிடக்கும். அப்போது பெயர்த்து நட்டால் வேர் பிடிக்கத் தாமதமாகும்.

7. நீருக்கு வெளியேறும் வழி

முதலில் ஓரக்கல்லைப் பாருங்கள். அழகுக்காகப் புல்தரையைச் சுற்றிக் கிரானைட் பலகையைச் சிமெண்ட் வைத்து நட்டிருப்பார்கள். தரை சரியான சரிவில் இருந்தாலும் தாழ்ந்த பக்கத்துக் கல் ஏரிக்கரை போல நீரை மறித்து நிற்கும். அந்தப் பக்கத்தில் நான்கடிக்கு ஒன்றாக, புல் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, இரண்டு அங்குலத் துளை போட்டாலே சில தரைகள் தேறிவிடுகின்றன. சுற்றியுள்ள பேவர் நடைபாதை புல்லைவிட உயரமாக இருந்தால் அதற்கும் இதே வைத்தியம்.

அது போதாதென்றால் வடிகால் வெட்ட வேண்டும். தோண்டுவதற்கு முன் தண்ணீர்க் குழாய், எர்த் கம்பி, கழிவுநீர்க் குழாய் செல்லும் தடங்களை வீடு கட்டியவரிடம் கேட்டுச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அஸ்திவாரத்தை ஒட்டி வெட்டாமல் சில அடி தள்ளியே வெட்டுங்கள்.

தோண்டுவதை வெளியேறும் முனையிலிருந்து தொடங்கி ஈரமான இடத்தை நோக்கிச் செல்லுங்கள். அப்போதுதான் அடிமட்டச் சரிவு கைக்குள் நிற்கும். நடுவில் மழை வந்தாலும் நீர் வெட்டிய வழியே ஓடிவிடும். ஆழம் ஓரடி முதல் ஒன்றரையடி, அகலம் எட்டு அங்குலம், நூறுக்கு ஒன்று சரிவு. அதாவது இருபதடி நீளத்துக்கு இரண்டரை அங்குல இறக்கம்.

குழியில் துணியை விரித்து, இரண்டு அங்குலம் ஜல்லி போட்டு, குழாயை அதன் துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள். துளை மேலே இருக்க வேண்டும் என்று பிளம்பர்களே வாதிடுவதுண்டு. குழியில் நீர் அடியிலிருந்து மேலேறுகிறது. துளை கீழே இருந்தால் நீர் உயரத் தொடங்கிய உடனே குழாய்க்குள் புகும், மேலே இருந்தால் குழாய் மூழ்கும் வரை புகாது. அதன்மேல் தரைமட்டத்துக்கு மூன்று அங்குலம் கீழே வரை ஜல்லியை நிரப்பித் துணியை மடித்து மூடி, மீதியைப் பருமணலால் நிரப்புங்கள். தோண்டியெடுத்த களிமண்ணையே மேலே போட்டு மூடுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் நீர் வடிகாலின் தலைமேலேயே தேங்கும். துணிக்குப் பதிலாகப் பாலித்தீன் விரித்தால் நீர் உள்ளே வராது. நிழல்வலை விரித்தால் சேறும் உள்ளே வந்துவிடும்.

முனையைத் தெரு மழைநீர்க் கால்வாயிலோ, மண் குடிக்கும் இடமானால் உறிஞ்சு குழியிலோ விடுங்கள். பாதாளச் சாக்கடையில் இணைக்கக் கூடாது. அங்கே அடைத்தால் கழிவுநீர் உங்கள் தோட்டத்துக்குள் வரும். ஆழ்துளைக் கிணற்றுக்குள் நேராக விடுவதும் தவறு, ஏனெனில் எருவும் மருந்தும் கலந்த நீர் அது. குழாய் வாயில் எலி புகாத கம்பிவலை ஒன்று மாட்டுங்கள்.

தெரு தோட்டத்தைவிட மேடாக இருந்து, கீழே பாறையும் இருந்தால், வடிகாலுக்குப் போகும் இடமில்லை. அப்போது ஒரு சிறு தொட்டி கட்டி மோட்டாரால் இறைப்பதா, அல்லது தரையை ஆறு அங்குலம் உயர்த்துவதா என்று முடிவு செய்ய வேண்டும். நான் உயர்த்துவதையே சொல்வேன். கனமழையில் மின்சாரம் இருக்கும் என்று எண்ணி மோட்டாரை நம்புவது எனக்கு ஒப்பவில்லை. உயர்த்தினாலும் வீட்டின் பேஸ்மென்ட் மட்டத்துக்குக் கீழேயே நிற்க வேண்டும். இல்லையென்றால் சுவர் ஓதம் பிடிக்கும்.

8. பத்தைகளைப் பெயர்த்து மண்ணைத் திருத்துதல்

பதித்து மூன்று வாரத்துக்குள் இருந்தால் புல் இன்னும் கீழ்மண்ணைப் பிடித்திருக்காது; அது ஒரு வசதி. பத்தைகளைக் கத்தியால் பிரித்து, நிழலில் ஈரச் சாக்கின்மேல் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். குவித்து வைத்தால் உள்ளே சூடேறி மஞ்சளாகும். அன்றைக்கே, தவறினால் மறுநாளே, திரும்பப் பதிக்கும் அளவுக்கு மட்டும் பெயர்ப்பது நல்லது. முழுத் தரையையும் ஒரே நாளில் கிளப்பிப் போடும் ஆர்வத்தை அடக்கிக்கொள்ளுங்கள்.

அடியில் ஆறு அங்குலம் வரை கொத்தி, கட்டிகளை உடைத்து, கல்லும் சிமெண்டும் பொறுக்கி எறியுங்கள். இரண்டு பங்கு செம்மண்ணுக்கு ஒரு பங்கு பருமணல், ஒரு பங்கு மக்கிய எரு என்ற அளவில் கலக்கலாம். ஏரி வண்டல் கொண்டு நிரப்பிய மனையானால் மணலைத் தாராளமாகக் கூட்ட வேண்டும்: களிமண்ணில் கொஞ்சம் மணல் கலந்தால் அது முன்னைவிடக் கெட்டியாகும். அவ்வளவு மணலுக்குச் செலவிட மனமில்லையென்றால் மணலை விட்டுவிட்டு எருவை மட்டும் கலப்பது மேல்.

ஜிப்சம் போட்டால் களிமண் பொலபொலக்கும் என்று கடைகளில் சொல்வார்கள். சோடியம் மிகுந்த களர் மண்ணில் அது உண்மை, மற்ற மண்ணில் பயன் மிகக் குறைவு. மண்ணையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் பரிசோதித்த பிறகு முடிவு செய்யுங்கள். தருமபுரி மாவட்டத்தார் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலும், கிருஷ்ணகிரி மாவட்டத்தார் காவேரிப்பட்டணத்தை அடுத்த பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலும் விசாரிக்கலாம்.

கிளறிய மண்ணை, முன்பு தாளில் எழுதிய மட்டப்படி சரிவு கொடுத்து, பலகையால் இழுத்துச் சமன் செய்து, காலால் மெல்ல அமர்த்துங்கள். பத்தையின் அடியில் ஒட்டிய களிமண்ணை ஒரு தொட்டி நீரில் அலசி, பாதியாவது கரைத்துவிடுங்கள். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் நீர் நிற்கும் அந்தக் கோட்டை அழிக்க இதைவிட நேரான வழியில்லை. அழுகிய பத்தைகளைத் திரும்ப வைக்காதீர்கள். நல்லவற்றை உள்ளங்கை அளவு துண்டுகளாக்கி இடைவெளி விட்டு நட்டால் மூன்று நான்கு மாதத்தில் கூடிக்கொள்ளும்.

9. வேர் பிடித்த பகுதியில் துளையிடுதல்

வேர் ஊன்றிய பத்தையைப் பெயர்ப்பது புல்லுக்குக் கேடு. அங்கே ஜி.ஐ. குழாயை நான்கு அங்குலம் இறக்கி, மண்ணோடு உருவி எடுங்கள். ஆறு அங்குலத்துக்கு ஒரு துளை. வெறும் கம்பியால் குத்தினால் மண் பக்கங்களில் அழுந்தி இறுகும், குழாய் மண்ணை வெளியே கொண்டுவரும். சேறாக இருக்கும்போது செய்தால் துளையின் சுவர் பூசி மெழுகியது போல அடைபடும் என்பதால், ஈரம் சற்று வற்றும் வரை பொறுங்கள்.

எடுத்த மண்ணைக் கூட்டி அகற்றி, பருமணலைக் கால் அங்குலத்துக்குத் தூவித் துடைப்பத்தால் துளைகளுக்குள் தள்ளுங்கள். ஒரு சென்ட் தரைக்குச் சுமார் 9 கன அடி மணல், அதாவது சிமெண்ட் சாக்கில் ஏழெட்டு மூட்டை தேவைப்படும். இலை நுனிகள் வெளியே தெரிய வேண்டும். புல்லைப் புதைத்தால் அடுத்த சிக்கலை வரவழைக்கிறீர்கள்.

10. இப்போது புல்

வேர் மீண்டதற்கு அடையாளம் புதிய இலை. அது தெரியும் வரை எந்த உரமும் வேண்டாம். தெரிந்தபின், லிட்டருக்கு 5 கிராம் 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து சம அளவில் உள்ள, நீரில் கரையும் உரம்) கரைத்து மாலையில் இலைமேல் தெளியுங்கள். பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை போதும். புதிய இலை வந்தும் நரம்புகளுக்கு இடையே வெளுத்திருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்துத் தெளிக்கலாம். அது கிரானைட்டிலும் சிமெண்ட் தரையிலும் துருக்கறை ஏற்படுத்தும், விழுந்தால் உடனே கழுவுங்கள்.

வட்ட வட்டமாகக் கருகி விரிந்தால் பூஞ்சை. நோய்ப் பூஞ்சையை அடக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைகோடெர்மா விரிடியை மக்கிய எருவில் கலந்து தூவுங்கள். இரசாயனப் பூஞ்சைக்கொல்லியை அதே வாரத்தில் தெளித்தால் இதுவும் செத்துவிடும்.

11. மறுபடி தண்ணீரும் வெட்டும்

திரும்பப் பதித்த பத்தைகளுக்கு முதல் இரண்டு வாரம் காலையில் லேசாகத் தெளிக்க வேண்டும். அதன்பின் நாள்தோறும் பாய்ச்சும் வழக்கத்தை விட்டுவிட்டு, சுட்டுவிரலை மண்ணில் இரண்டு கணு வரை இறக்கி, காய்ந்திருந்தால் மட்டும் ஆழமாகப் பாய்ச்சுங்கள். மேலே எப்போதும் ஈரம் இருந்தால் வேர் கீழே இறங்காது. டைமர் வைத்த தெளிப்பான் இருப்பவர்கள் மழைக்காலத்தில் அதை அணைத்துவைக்க மறந்துவிடுகிறார்கள். கொட்டும் மழையில் தெளிப்பான் சுழலும் காட்சியைப் பல வீடுகளில் காணலாம்.

புல் இரண்டரை அங்குலம் வளர்ந்தபின் முதல் வெட்டு, அதுவும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. கத்தி கூராக இருக்கட்டும். மழுங்கிய கத்தி இளம்புல்லை வேரோடு பிடுங்கும்.

12. தேறாத இடம்

அடுத்த கனமழைக்குப் பின் குடை பிடித்துச் சென்று பாருங்கள். மழை நின்று நான்கைந்து மணி நேரத்துக்குப் பிறகும் நீர் நிற்கும் இடத்தைக் குச்சி நட்டுக் குறித்து, அங்கே மட்டும் துளையிடுதலை அடுத்த மாதம் திரும்பச் செய்யுங்கள். வேகமாகப் படரும் பெர்முடா புல்லானால் ஒரு மாதத்தில் மாற்றம் தெரியும். கொரியன் புல் மெதுவாகப் படரும். இரண்டு மூன்று மாதம் கொடுத்தே அதன் நிலையைத் தீர்மானிக்க வேண்டும்.

அப்போதும் ஒரு மூலை மட்டும் பழுத்துக்கொண்டே இருந்தால், அது பெரும்பாலும் சுவர் நிழல் விழும் பள்ளமாக இருக்கும். அங்கே புல்லை எடுத்துவிட்டுக் கல்வாழையோ சேம்போ நடுங்கள். ஈரத்தில் இரண்டும் செழித்து வளரும். எடுத்த நல்ல பத்தைகளை மற்ற இடங்களின் ஓட்டைகளை அடைக்கப் பயன்படுத்திக்கொள்ளலாம்.